முழங்கால் தண்ணீர்

“ஆண்டவர்கிட்டப் போகப் பயமா இருக்குதுங்க சிஸ்டர்.”

“நல்லது,” என்றார் சிஸ்டர் சலேத்.

சந்தியாகு திகைத்துப்போனார். நாமக்கல்லில் பஸ் ஏறி, மலை வளைவுகளெல்லாம் சுற்றி, உச்சிக்கு வந்து சேர்ந்தவர். வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், எட்டு வருஷமாக நெஞ்சில் சுமந்ததை ஒரே வரியில் இறக்கி வைத்திருந்தார்.

“நல்லதுங்களா?”

“மிளகு நனையுது. அந்தப் பக்கம் பாயைப் பிடிங்க.”

பிடித்தார். இருவரும் மிளகுப் பாயை இழுத்து இறவாரத்துக்குள் சேர்த்தார்கள். பெரிய மழை இல்லை, தூறல்தான். கொல்லிமலையில் அது வரும், போகும்.

ஆசிரமம் என்றுதான் பேர். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு சிற்றாலயம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள், சிஸ்டர். அவ்வளவுதான். மனசு சரியில்லாதவர்கள் வந்து சில நாள் தங்கிப் போவார்கள். சிஸ்டர் சந்தியாகுவைவிடப் பத்து வயதாவது சின்னவர். “ஞானம் வயசு பார்த்து வர்றதில்ல, போய்ப் பாரு” என்று பங்குச் சாமியார் அனுப்பியிருந்தார். பேச்சில் சிஸ்டர் படு கஞ்சம் என்பதை மட்டும் சாமியார் சொல்லாமல் விட்டுவிட்டார்.

“எட்டு வருஷமா நற்கருணை வாங்கலீங்க,” என்றார் சந்தியாகு. பூசையில் ஆண்டவரின் உடலாகச் சாமியார் கொடுக்கும் அப்பம் அது.

“பாவசங்கீர்த்தனம்?”

“அது தவறாமப் பண்ணிருவனுங்க. போன வாரங்கூடப் பண்ணினேன். சாமியார் மன்னிப்புக் குடுத்துட்டாரு. ஆனா எல்லாரும் பீடத்துக்குப் போறப்ப எனக்குக் கால் வர மாட்டேங்குது.”

“எட்டு வருஷம் பொறுத்தவருக்கு இப்ப என்ன அவசரம்?”

“வர்ற புதன்கிழமை எம்பொண்ணுக்குக் கல்யாணங்க. ஜெசிந்தா. ஒரே பொண்ணு. அவ அம்மா போய்ச் சேந்து நாளாச்சு. ‘நான் நற்கருணை வாங்கிட்டுத் திரும்பறப்ப நீங்க தனியா பெஞ்சுல ஒக்காந்திருந்தா அங்கியே அழுதுருவேன்ப்பா’ன்னு சொல்லிப்போட்டா.”

“அழுவாளா?”

“சொன்னாச் செய்யறவங்க.”

சிஸ்டர் பாயின் ஓரத்தை மடித்தார். “ஆறு மணிக்கு ஜெபம்,” என்றார். “அதுக்குள்ள குளிச்சுட்டு வாங்க. வெந்நீர் அடுப்புல இருக்கு.”

சிற்றாலயத்தில் பெஞ்சு கிடையாது. கோரைப் பாய்தான். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் நற்கருணைப் பேழை, அதன்முன் ஒரு சிவப்பு விளக்கு. சந்தியாகு ஆகக் கடைசியில், வாசலை ஒட்டி உட்கார்ந்தார்.

பீடத்தின் படியில் ஒரு மஞ்சள் பூனை சுருண்டு படுத்திருந்தது.

“சூ,” என்றார் சந்தியாகு, தாழ்ந்த குரலில்.

பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. மூடிக்கொண்டது.

ஜெபம் முடிந்தது. சிஸ்டர் எழுந்துகொள்ளும் நேரம் பார்த்து அவர் நெருங்கினார்.

“சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க. இந்தப் பயத்தை எடுத்துருங்க. பயமே இல்லாம நான் பீடத்துக்கிட்டப் போகணும்.”

சிஸ்டர் முகவாயால் பீடத்துப் படியைக் காட்டினார்.

“அவருக்கு இல்ல.”

“ஆருக்குங்க?”

“பூனைக்கு. பயங்கறதே இல்ல. பொறந்ததுல இருந்து இங்கதான். மணியடிச்சாலும் எந்திரிக்க மாட்டார். பீடத்துணியில நகம் தீட்டுவார். போன பெரிய வியாழனன்னிக்கு மேலயே ஏறிச் சோம்பல் முறிச்சார்.”

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோயில் பூனை சாமிக்கு அஞ்சாது என்பது ஊரறிந்த பழமொழி. சந்தியாகு அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் தங்கள் ஊரில் மணியடிக்கும் கோயில்பிள்ளையைப் பார்த்து. இன்றைக்கு அது திரும்பித் தன்னைப் பார்ப்பதாக அவருக்குப் பட்டது. ஒரு காலத்தில் நற்கருணை வரிசையில் நின்றுகொண்டே போனில் லோடு பேசியவர் அவர். வாங்கின கையோடு பக்கத்து வாசலில் இறங்கி வண்டிக்கு ஓடியவர். அப்போது பயமே இருந்ததில்லை. பூனையைப் போலச் சுகமாகத்தான் இருந்தார்.

மறுநாள் வெயில் அடித்தது. இருவரும் இறவாரத்தில் உட்கார்ந்து மிளகில் காம்பு பொறுக்கினார்கள்.

“என்ன வண்டி ஓட்டினீங்க அண்ணே?”

“முட்டை லாரிங்க. நாமக்கல்லுல ஏத்திக் கேரளாவுக்கு.”

“முட்டைன்னா பயமா இருக்குமா?”

“பின்ன இல்லீங்களா? இரும்பு ஏத்தினவன் பாட்டுப் பாடிக்கிட்டே போவான். முட்டை ஏத்தினவன் ரோட்டை மோந்து பாத்துக்கிட்டுத்தான் போகோணும். ஒரு ஸ்பீடு பிரேக்கரைக் கண்டா கால் தானா பிரேக்குக்குப் போயிரும்.”

“முட்டை கடிக்குமா?”

சந்தியாகுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலைக்கு வந்தபின் முதல் சிரிப்பு. ஆனால் சிஸ்டர் சிரிக்கவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பவராக மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடிக்காதுங்க,” என்றார் சந்தியாகு.

“ஆண்டவர்கிட்ட இருக்கற பயம் எப்படி?”

“அதுங்களா.” அவர் யோசித்தார். “செக்போஸ்ட்டுங்க. தூரத்துல ஆர்.டி.ஓ. ஜீப் நிக்கறாப்புல. பேப்பரெல்லாம் சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் மனுசன் பாத்துட்டே இருப்பாரு. எதையாச்சும் ஒண்ணைக் கண்டுபிடிச்சுருவாரு.”

“அதனால வண்டியைத் திருப்பிட்டீங்க.”

“ஆமாங்க. வேற ரோட்டுல போயிக்கிட்டே இருக்கறேன்.”

அதன்பின் அவராகவே சொல்லத் தொடங்கினார். சிஸ்டர் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம்தான் மனிதர்கள் சொல்கிறார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரண்டு இரவும் அவர் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. பூசைக்குப் போனார், நற்கருணை வாங்கினார், நேராக வந்து லோடு ஏற்றிக் கிளம்பினார். கூடக் கிளீனர் அமலன். பாலக்காடு நெருங்கும்போது அமலன் சொன்னான், அண்ணே உங்களுக்குக் கண்ணு சொக்குது, ஓரமா நிறுத்திட்டு ஒரு மணி நேரம் படுங்க.

“நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? நெஞ்சைத் தட்டிக் காட்டினனுங்க. ‘ஆண்டவரை உள்ள வெச்சுக்கிட்டு ஓட்டறேன்டா. வண்டி எப்படிடா கவுறும்?’ன்னேன்.”

“கவுந்துது.”

“கவுந்துதுங்க. ரோடு பூரா மஞ்சள். எனக்கு ஒரு கீறல் இல்ல. அமலனுக்குக் கால் சிக்கிக்கிச்சு. பொழைச்சுட்டான். இழுத்து இழுத்து நடப்பான். இப்ப ராசிபுரத்துல செல்போன் கடை வெச்சிருக்கறான். என்னையப் பாத்தா ‘அண்ணே, டீ சாப்பிடுங்க’ங்கறான். அவன் திட்டியிருந்தாக்கூடத் தேவலீங்க.”

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அமலனை அவருக்குப் பிடிக்கும். தன் கையால் வண்டி பழக்கியவன் அவன்.

“அன்னிக்கு ஆண்டவர் எங்கூட வந்தாருங்க. நான் அவரையும் சேத்துக் கவுத்துப்போட்டேன். மறுபடி ஏத்திக்கறேன்னு போய் நின்னா விடுவாருங்களா?”

சிஸ்டர் ஒரு மிளகை எடுத்துக் கடித்துப் பார்த்தார். இன்னும் காயவில்லை போலிருக்கிறது, துப்பினார்.

“உங்களுக்கு இப்ப என்ன வேணும் அண்ணே?”

“அப்ப எனக்கு இருந்துதுங்க பாருங்க, அந்த நம்பிக்கை. அது திரும்ப வேணுங்க.”

“அதேவா?”

“அதேதானுங்க.”

“அதுலதானே வண்டியைக் கவுத்தீங்க,” என்றார் சிஸ்டர்.

சந்தியாகுவுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சவா இத்தனை தூரம் வரச் சொன்னார் சாமியார்? எழுந்து அறைக்குப் போனார். வேட்டி, சட்டை, சவரக் கத்தி எல்லாவற்றையும் பையில் திணித்தார். வெளியே வந்து கேட்டபோதுதான் கடைசி பஸ் போய்விட்டது தெரிந்தது.

போன கோபம் திரும்பி வந்து இறவாரத்திலேயே நின்றது.

“ஒரு நாயம் சொல்லுங்க சிஸ்டர். பயத்தை எடுங்கன்னா பூனையைக் காட்டறீங்க. நம்பிக்கையைக் கேட்டா லாரியைக் காட்டறீங்க. பயம் இருந்தா நான் போக முடியல. பயம் இல்லாமப் போயித்தான் ஒருத்தன் காலை ஒடச்சேன். புதன்கிழமை நான் எதை நம்பி எம்பொண்ணு பின்னாடி எந்திரிச்சு நிக்கறது?”

சிஸ்டர் அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தார். நல்ல கேள்வி கேட்ட பிள்ளையை டீச்சர் பார்க்கும் பார்வை.

“காலையில ஒரு இடத்துக்குப் போகணும்,” என்றார். “குடை பிடிக்க ஆள் வேணும். வர்றீங்களா?”

காலையில் மழை பிடித்துக்கொண்டது. சந்தியாகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

“காப்பிங்க?”

“வந்து குடிச்சுக்கலாம்.”

விருந்தாளிக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காத ஆசிரமம் என்று மனசுக்குள் முனகிக்கொண்டார்.

சிஸ்டர் சிற்றாலயத்துக்குள் போய் முழங்காலிட்டார். பேழையைத் திறந்தார். உள்ளங்கை அகலப் பித்தளைச் சிமிழை ஒரு வெள்ளைத் துணிப்பையில் வைத்து, பையின் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். சந்தியாகு ஓர் அடி பின்வாங்கினார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு இப்படித்தான் நற்கருணை போகும்.

“ஆருக்குங்க?” என்றார், குரலை இறக்கி.

“மரியான்னு ஒருத்தர். ஓடைக்கு அந்தப் பக்கம். இடுப்பு விழுந்துபோச்சு. இன்னிக்கு வரும்னு தெரிஞ்சா, வெறும் வயித்துலதான் வாங்கணும்னு விடிஞ்சதுல இருந்து பச்சத்தண்ணி தொட மாட்டார். அதனால சீக்கிரம் போகணும். வழியில பேசக் கூடாது.”

நடந்தார்கள். சிஸ்டர் முன்னால், சந்தியாகு அரை அடி பின்னால் குடையோடு. குடை முழுவதும் சிஸ்டர் தலைக்கு மேல் இருந்தது. உண்மையில் சிஸ்டர் தலைக்கு மேலும் இல்லை. அவர் நெஞ்சுக்கு மேல் இருந்தது. சிஸ்டரின் முதுகு நனைந்தது. சந்தியாகு மொத்தமாக நனைந்தார். அன்னாசித் தோட்டத்தில் வேலையாக இருந்த ஒரு பெண், பையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றாள். அவர்கள் கடந்து போகும்வரை அப்படியே நின்றாள்.

ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. செம்மண் நிறம், வேகம் அதிகம். குறுக்கே பாறைகளைப் போட்டிருந்தார்கள், கைக்குப் பிடிமானமாகக் கரைக்குக் கரை ஒரு கயிறு. பாறைகள் பாசி பிடித்து மின்னின.

சிஸ்டர் நின்றார். கழுத்திலிருந்து பையைக் கழற்றினார்.

“எனக்கு முழங்கால் சரியில்ல. வழுக்கிருவேன். நீங்க கொண்டு வாங்க.”

சந்தியாகு காதில் விழாதவர் போல நின்றார்.

“அண்ணே.”

“நானுங்களா?”

“வேற ஆரு இருக்கா?”

“சிஸ்டர், நான் வண்டியைக் கவுத்தவன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா குடுக்கறீங்க?”

“நான் எங்க குடுக்கறேன்,” என்றார் சிஸ்டர். “அவர் வர்றார்.”

பையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, பாறைக்குப் பாறை தாவி அக்கரை போய்ச் சேர்ந்தார். முழங்கால் சரியில்லாதவர் போகும் போக்காக அது இல்லை.

சந்தியாகு தனியாக நின்றார்.

திரும்பி ஓட முடியாது. ஓடினால் கழுத்தில் தொங்கும் இவரோடுதான் ஓட வேண்டும். எட்டு வருஷமாக வேற ரோட்டில் போனவருக்கு இப்போது வேற ரோடு இல்லை.

நெஞ்சின் மேல் சிமிழ் கனத்தது. ஒரு கைப்பிடிச் சில்லறையின் எடைதான் இருக்கும். ஆனாலும் கனத்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். முதல் பாறையில் பாதத்தை வைத்தார். அழுத்திப் பார்த்தார். உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். அடுத்த பாறை.

“கயிறு இருக்குது,” அக்கரையிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னார். “பிடிச்சுக்கிட்டு வாங்க.”

அவர் பிடிக்கவில்லை. இரண்டு கையும் நெஞ்சில் பையைப் பொத்தியிருந்தன. மழை கண்ணில் இறங்கியது, துடைக்கவும் கை எடுக்கவில்லை. நடு ஓடையில் ஒரு பாறை ஆடியது. சந்தியாகு அசையாமல் நின்றார். மூச்சைக்கூட மெல்ல விட்டார். பிறகு அந்தப் பாறையை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே இறங்கி, தரையைக் காலால் தடவித் தடவி நடந்தார். வேட்டி இழுத்தது. அவசரப்படவில்லை. முட்டை வண்டியில் எத்தனையோ வருஷம் செய்த வேலை அது, கால்கள் மறந்திருக்கவில்லை.

கரையேறிய பிறகும் இரண்டு கையையும் பையிலிருந்து எடுக்கவில்லை.

“ரொம்பப் பயந்துட்டீங்க,” என்றார் சிஸ்டர்.

“ஆமாங்க.”

“எதுக்கு? முழங்கால் தண்ணி. விழுந்தா நனைவீங்க. ஏற்கெனவே நனைஞ்சாச்சு.”

“நான் விழுந்தா என்னங்க சிஸ்டர், எந்திரிச்சுக்குவேன். இவரை...”

நிறுத்தினார்.

முட்டை கடிக்குமா என்ற கேள்வி அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார், அதைப் பொத்தியிருந்த கைகளைப் பார்த்தார். ஓடை பாட்டுக்கு ஓடியது.

சிஸ்டர் பையைத் திருப்பி வாங்கவில்லை. குடையை விரித்து அவர் தலைக்கு மேல், இல்லை, அவர் நெஞ்சுக்கு மேல் பிடித்தார்.

“நடங்க,” என்றார். “ஒருத்தர் தண்ணி குடிக்காமக் காத்துக்கிட்டு இருக்கார்.”

மரியான் ஒற்றை அறை வீட்டில், கயிற்றுக் கட்டிலில் இருந்தார். கூட இருக்கும் தம்பி மகன் அன்னாசி லோடுக்குப் போகும்முன் அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தான். சலவைச் சட்டை, கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார். நரைத்த தலையில் எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தார். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் வெள்ளைத் துணி, ஏற்றிவைத்த மெழுகுதிரி.

காலடிச் சத்தம் கேட்டதும் கும்பிட்டவர், பை யார் கழுத்தில் இருக்கிறது என்பதைக் கண்டு புருவத்தைத் தூக்கினார்.

“நீயா தூக்கியாந்த?”

“ஆமாங்க.”

“கனமா இருந்துச்சா?”

அப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று சந்தியாகு நினைத்திருக்கவில்லை. “ரொம்பக் கனங்க,” என்றார்.

“ம்.” மரியான் தலையாட்டினார். “எனக்கு வருஷா வருஷம் கனம் கூடிக்கிட்டே வருது. சின்னதுல பப்பாளி விதை மாதிரி முழுங்கிட்டு ஓடுவேன். இப்ப நாக்குல வெச்சா ஒடம்பெல்லாம் நடுங்குது.”

“பயமா இருக்குதுங்களா?”

“இருக்காதா பின்ன?”

“அப்ப வேண்டாம்னு சொல்லத் தோணுதுங்களா?”

மரியான் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இவனுக்கு என்ன ஆச்சு என்பதைப் போல.

“ஒரு வாரம் வரலைன்னா நான் செத்துப்போவேன்,” என்றார்.

சிஸ்டர் சந்தியாகுவின் கழுத்திலிருந்து பையை எடுத்தார். சிமிழை முக்காலியில் வைத்தார். மூவரும் ஜெபித்தார்கள். தகுதியில்லாதவன் நான் என்று எல்லோரும் சொல்லும் இடம் வந்தது. எட்டு வருஷமாக அந்த இடத்தில் சந்தியாகு வாயை மூடிக்கொள்வார். இன்று பாதிக்கு மேல்தான் தன் குரலும் கூட வருவதைக் கவனித்தார்.

மரியான் நாக்கை நீட்டி வாங்கினார். சொன்னபடியே அவர் உடம்பு நடுங்கியது. பிறகு அடங்கியது. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்கச் சந்தியாகுவுக்குப் பொறாமையாக இருந்தது.

மழை ஓட்டின் மேல் பெய்துகொண்டிருந்தது.

சிஸ்டர் சிமிழை மூடவில்லை.

சந்தியாகு எட்டிப் பார்த்தார். அடியில் இன்னொரு அப்பம் இருந்தது.

“இன்னொண்ணு ஆருக்குங்க?”

சிஸ்டர் சரிந்த மெழுகுதிரியை நிமிர்த்தினார்.

“தம்பி மகனுக்குங்களா?”

“அவன் சாயங்காலம்தான் வருவான்,” என்றார் மரியான், கண்ணைத் திறக்காமல்.

“அப்ப உங்களுக்குங்களா சிஸ்டர்?”

“நான் விடியறப்பவே வாங்கிட்டேன்.”

சந்தியாகு அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில், முக்காலி, ஆணியில் தொங்கும் ஒரு சட்டை, மூலையில் தண்ணீர்க் குடம். வேறு யாரும் இல்லை. காலையில் கிடைக்காத காப்பி அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

முக்காலியை நோக்கி ஓர் அடி வைத்தார்.

“பயமா இருக்குதுங்க,” என்றார் கடைசியில்.

“நல்லது,” என்றார் சிஸ்டர் சலேத்.

சந்தியாகு தன் கைகளைப் பார்த்தார்.

“கை ஈரமா இருக்குதுங்க சிஸ்டர்.”

“துடைச்சுக்கங்க.”

துண்டைப் பிழிந்து துடைத்தார். விரல் இடுக்கில் இன்னும் ஈரம் இருந்தது. ஆணியில் தொங்கிய சட்டையின் உலர்ந்த நுனியில், மரியானைக் கேட்காமலேயே, மறுபடி துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

பிறகு ஒரு கையின் மேல் ஒரு கையை வைத்து, இரண்டையும் ஆடாமல் நீட்டினார்.